பழுது பார்த்தல்

நுழையும்முன்

வீட்டைக் கட்டியவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். கட்டிய வீட்டைக் காத்தவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு. ஒழுகும் குழாய், உதிரும் சுவர், சரிந்த ஓடு என அன்றாடம் எழும் பழுதுகளைத் தம் கைகளாலேயே சீர்செய்து வாழும் முதிய இணையரின் வாழ்க்கையை அவர்தம் மகளின் நினைவுகளாக விரிக்கிறது இக்கட்டுரை.

ஓய்வின் முதல் நாள்

அஞ்சல் துறையில் பணியாற்றிய என் தந்தை 2000ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஓய்வு பெற்றார். பணிநிறைவு விழாவில் பேசியவர்கள் அனைவரும், "இனியாவது நன்றாக ஓய்வெடுங்கள்" என்றே வாழ்த்தினர். அந்த வாழ்த்து ஒருநாள்கூட நிலைக்கவில்லை. மறுநாள் காலை, அப்பா திருகுசாவி ஒன்றைக் கையில் ஏந்தியபடி சமையலறைக்குள் நுழைந்தார்.

திருத்துறைப்பூண்டிக்கு அருகிலுள்ள சிற்றூரில் தாத்தா கட்டிய ஓட்டுவீடு எங்களுடையது. சமையலறைக் குழாய் பல ஆண்டுகளாகவே சொட்டிக்கொண்டிருந்தது. அதன்கீழ் எப்போதும் ஒரு வாளி இருக்கும். சொட்டும் ஓசையின்றி எங்கள் வீட்டில் இரவே இல்லை. கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த நான், அப்பா குழாயின் தலையைத் திருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் சுற்றில் தலை கழன்றது. தண்ணீர் கூரைவரை பீறிட்டது. உள்ளங்கையால் அதனை அடைக்க முயன்ற அப்பா, தலைமுதல் கால்வரை நனைந்து நின்றார்.

கூச்சல் கேட்ட அம்மா, சமையலறைக்கு வரவில்லை. நேரே கொல்லைப்புறம் ஓடித் தொட்டியின் வால்வை மூடினார். பிறகு நிதானமாக உள்ளே வந்து, "என்னங்க, குழாயைக் கழற்றுமுன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டாமா?" என்றார். அம்மா அப்போது தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர். "பார்க்கவில்லை டீச்சர்" என்று கைகட்டி நின்றார் அப்பா. நாங்கள் மூவரும் வெகுநேரம் சிரித்தோம்.

அத்தனை ஆண்டு ஒழுகலுக்கும் காரணம், குழாய்க்குள் தேய்ந்து கிடந்த கட்டைவிரல் நுனியளவு ரப்பர் வாஷர். அதன் விலை ஒரு தேநீரின் விலைகூட இல்லை. அன்றிரவு வீட்டின் அமைதி எனக்குப் புதிதாக இருந்தது. அப்பாவுக்கோ உறக்கமே வரவில்லை. அடுத்து எதைக் கழற்றலாம் என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஐந்து கட்டங்கள்

2003இல் அம்மாவும் ஓய்வு பெற்றார். பள்ளியிலிருந்து வரும்போது அவர் கொண்டுவந்தது அந்த ஒழுங்கைத்தான். நீளக் குறிப்பேடு ஒன்றில் கோடு கிழித்து ஐந்து கட்டங்கள் வரைந்தார்: நாள், பழுது, காரணம், செய்தது, செலவு. மற்றக் கட்டங்களைப் பின்னர் நிரப்பலாம். ஆனால், காரணம் எழுதப்படாமல் எந்த வேலையும் தொடங்கக்கூடாது என்பது அவர் வகுத்த விதி.

அவ்விதியின் அருமை ஒரு மழைக்காலத்தில் புலப்பட்டது. வாசற்கதவு நிலையில் இறுகிக்கொண்டு திறக்க மறுத்தது. அப்பா இழைப்புளியை எடுத்துவிட்டார். "பொறுங்கள், இது கதவின் குற்றமன்று, ஐப்பசியின் குற்றம்" என்று தடுத்தார் அம்மா. மரம் ஈரத்தை உண்டு பருத்திருந்தது. அப்போதே இழைத்திருந்தால், கோடையில் மரம் காய்ந்து சுருங்கும்போது கதவுக்கும் நிலைக்கும் இடையே பல்லி நுழையும் இடைவெளி விழுந்திருக்கும். தை பிறந்ததும் கதவு தானாகவே இளகியது. விளிம்பை மட்டும் மெல்லத் தேய்த்து எண்ணெய் பூசினார் அப்பா. அவ்வேலைக்கான செலவுக் கட்டத்தில் அம்மா சுழியம் இட்டார்.

எல்லாவற்றையும் தாமே செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் அவர்களுக்கு இல்லை. மின்சாரத்தில் அவர்களது எல்லை, முதன்மை இணைப்பைத் துண்டித்துவிட்டு மின்பணியாளரை அழைப்பதோடு முடிந்துவிடும். "தெரியாததைத் தொடாமல் இருப்பதும் வேலைதான்" என்பார் அப்பா.

மூச்சுவிடும் சுவர்

கூடத்தின் தென்சுவர் எங்கள் வீட்டின் தீராத நோய். ஒவ்வோராண்டும் பொங்கலுக்கு வண்ணம் பூசுவோம். சித்திரை வருவதற்குள் இடுப்பளவு உயரத்துக்கு அது கொப்புளித்து உதிரும். வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். வலுவாக இருக்கட்டும் என்று எண்ணி முன்பொருமுறை அச்சுவருக்குச் சிமெண்டுப் பூச்சும் பூசியிருந்தோம். அதன்பிறகு நோய் முற்றியதேயன்றிக் குறையவில்லை. அம்மாவின் குறிப்பேட்டில் அதற்கான காரணக் கட்டத்தில் ஈராண்டுகள் ஒரு வினாக்குறி மட்டுமே இருந்தது.

ஊர்க்கோவில் திருப்பணிக்கு வந்திருந்த முதிய கொத்தனார் ஒருவர்தாம் அவ்வினாவுக்கு விடை சொன்னார். அவர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டினார். பூச்சுக்குப் பின்னால் வெற்றிடம் இருப்பதை ஓசை காட்டியது. "இது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் அம்மா. மூச்சுவிடுகிற சுவர். நீங்கள் அதன் வாயை அடைத்துவிட்டீர்கள்" என்றார்.

மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே சுவரில் மேலேறுவதை ஓதம் ஏறுதல் என்பர். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றில் உலரவிடும். அடர்த்தியான சிமெண்டுப் பூச்சு அதற்கு எளிதில் வழிவிடுவதில்லை. உள்ளே சிக்கிய ஈரமும் அது சுமந்துவந்த உப்பும் பூச்சையே வெளித்தள்ளிவிடும். வலுவூட்டுவதாக நினைத்து நாங்கள் செய்த செயலே சுவருக்குக் கேடாயிற்று.

அப்பாவும் அம்மாவும் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சிமெண்டைக் கொத்தி எடுத்தனர். கோடை முழுவதும் சுவர் செங்கல் தெரிய நின்று காய்ந்தது. உறவினர்கள் முகம் சுளித்தபோதும் அவர்கள் அவசரப்படவில்லை. பிறகு, கடற்கரைப் பக்கமிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு வந்தது. கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அணிந்து, கொத்தனாரின் மேற்பார்வையில் அதனை நீற்றினர். நீர் பட்டதும் சுண்ணாம்பு கொதித்துப் பொங்கியது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை ஊற்றி, மணல் சேர்த்துச் சாந்து குழைத்தனர்.

மாணவர்களே, நீங்கள் வேதியியலில் படிக்கும் கால்சியம் கார்பனேட்டின் கதைதான் இது. கிளிஞ்சலைச் சுடும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. எஞ்சிய சுட்ட சுண்ணாம்பு, நீருடன் சேர்ந்து நீறிய சுண்ணாம்பாகிறது. சுவரில் பூசியபின் அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல ஏற்று, மீண்டும் கால்சியம் கார்பனேட்டாகவே இறுகுகிறது. இழந்ததைக் காற்றிலிருந்து திரும்பப் பெறும் அந்த மாற்றத்துக்குப் பல மாதங்கள் ஆகும்.

வினாக்குறியை அடித்துவிட்டு அம்மா எழுதினார்: "காரணம்: நாங்கள்." அதன்பின் ஓதம் அடியோடு நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால், அது வெளியேற வழி கிடைத்தது.

வெளிப்புறம் திறக்கும் கதவு

2012இல் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். வலக்கை மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. நான் திருச்சிராப்பள்ளியிலிருந்து விரைந்து சென்றபோது, மாவுக்கட்டுடன் அமர்ந்து அவர் சொல்லச் சொல்ல, அப்பா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "பழுது: குளியலறைத் தரை. காரணம்: வழுவழுப்பு" என்று எழுதி நிறுத்தினார். "இன்னொரு காரணமும் இருக்கிறது, எழுதுங்கள்" என்றார் அம்மா. "என்ன?" என்று அப்பா நிமிர்ந்தார். "வயது."

அதன்பின் வீடு மெல்ல மாறியது. சொரசொரப்பான ஓடுகள் தரைக்கு வந்தன. உயர்ந்திருந்த வாயிற்படி தாழ்ந்தது. சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்தும் நாளில், அப்பா அளவுநாடாவை எடுக்கவே இல்லை. அம்மாவை ஒரு நாற்காலியில் அமர்ந்து எழச் சொன்னார். எழும்போது அவரது இடக்கை சுவரில் எங்கே ஊன்றுகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் குறியிட்டார். மூன்றுமுறை எழச்செய்து, மூன்று குறிகளுக்கும் நடுவே துளையிட்டார்.

குளியலறைக் கதவையும் கழற்றி, வெளிப்புறமாகத் திறக்கும்படி மாற்றியமைத்தார். "நன்றாகத்தானே இருந்தது, இதை எதற்கு மாற்றுகிறீர்கள்?" என்று கேட்டேன். "உள்ளே விழுந்தவர் கதவின்மேலேயே கிடந்தால், உள்நோக்கித் திறக்கும் கதவை வெளியில் இருப்பவர் எப்படித் திறப்பது?" என்றார். கீலுக்கு எண்ணெய் இடுவதைப் பற்றிப் பேசும் அதே குரல். அருகிலிருந்த அம்மா, "தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கும்படி இருக்கட்டும்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. நான் எண்ணவும் அஞ்சிய நாளை அவர்கள் தம் வீட்டுப் பட்டியலில் ஒன்றாக எழுதி, அதற்கும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள்.

கஜா

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன, ஊர்கள் இருளில் மூழ்கின. சாலையெங்கும் மரங்கள் விழுந்து கிடந்ததால், மூன்றாம் நாள்தான் என்னால் ஊரை அடைய முடிந்தது.

பின்கட்டின் கூரையில் பாதிக்குமேல் ஓடுகள் இல்லை. அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. அம்மாவுக்கு எழுபத்து மூன்று. மேல்கூரையின்றி நின்ற தாழ்வாரத்தில் ஈரத்துணிகளை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அவர்களை உயிரோடு கண்ட மகிழ்ச்சி என்னுள் சினமாக மாறியது. "இத்தனை ஆண்டுகள் பார்த்துப் பார்த்துச் செய்ததற்கு இதுதான் பலனா? போதும். வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடுங்கள்" என்று கத்தினேன். அப்பா எதுவும் சொல்லவில்லை. அன்றிரவு அரிக்கன் விளக்கொளியில் அவர் உண்ணாமல் எழுந்து சென்றது இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

மறுநாள் விடியலில் ஓடுகள் உரசும் ஒலி கேட்டு விழித்தேன். முற்றத்தில் உடையாத ஓடுகளைத் தனியே பொறுக்கி அப்பா அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மா எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தார். குறிப்பேட்டை எட்டிப் பார்த்தேன். "பழுது: பின்கட்டுக் கூரை. காரணம்: கஜா. உடையாத ஓடு: 612." இழந்தவற்றின் கணக்கை அவர் எழுதவில்லை, எஞ்சியவற்றின் கணக்கைத்தான் எழுதியிருந்தார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடு பொறுக்க இறங்கினேன்.

அவை சீமை ஓடுகள். பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவியதால், மங்களூர் ஓடு எனவும் வழங்குவர். ஒவ்வோர் ஓட்டின் முதுகிலும் அதனைச் செய்த தொழிற்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும். அப்பெயரை அழகுக்கான முத்திரை என்றே நான் நினைத்திருந்தேன். ஒரு தொழிற்சாலை ஓட்டின் வரிப்பள்ளம் மற்றொன்றின் ஓட்டோடு சரியாகப் பொருந்தாது. பொருந்தாத இடத்தில் மழை இறங்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். இடித்த வீடு ஒன்றிலிருந்து வாங்கிய பழைய ஓடுகளைப் பெயர் பார்த்துப் பிரித்தோம். பொருந்தியவை பின்கட்டுக்கும் பொருந்தாதவை மாட்டுக்கொட்டகைக்கும் சென்றன.

ஓடு வேய்வதற்கு ஆள் கிடைக்காத காலம் அது. பக்கத்துத் தெரு இளைஞர்கள் இருவர் கூரைமேல் ஏறினர். அப்பா கீழே நாற்காலியில் அமர்ந்து, "கீழ் விளிம்பிலிருந்து தொடங்குங்கள் தம்பி, மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் ஏறி உட்கார வேண்டும்" என்று சொல்லிக்கொடுத்தார். ஒன்பதாம் நாள் முகட்டோடு வைத்து முடித்தனர். பிறகு அவ்விளைஞர்கள் அதே ஏணியுடன் வேறு பல வீடுகளுக்கும் சென்றார்கள். புயலில் ஊறிய தென்சுவரும் மாசிக்குள் உலர்ந்துவிட்டது, பூச்சு உதிரவில்லை.

பார்த்தல் என்னும் சொல்

அப்பா எண்பதைக் கடந்துவிட்டார். அம்மாவும் எண்பதைத் தொட்டுவிட்டார். இருவரும் இப்போது ஏணியைத் தொடுவதில்லை. சென்ற கோடை விடுமுறையில் சமையலறைக் குழாய் மீண்டும் சொட்டத் தொடங்கியது. நானே கொல்லைப்புறம் சென்று வால்வை மூடிவிட்டு வந்து, குழாயைக் கழற்றி வாஷரை மாற்றினேன். அம்மா குறிப்பேட்டை விரித்து, "காரணம் என்ன?" என்று கேட்டார். "வாஷர் தேய்ந்துவிட்டது" என்றேன். "ஏன் தேய்ந்தது?" எனக்கு விடை தெரியவில்லை. நாற்காலியிலிருந்து அப்பா சொன்னார்: "சொட்டத் தொடங்கிய அன்றே பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல், இறுக்கி இறுக்கித் திருகினோம், இன்னும் தேய்ந்துவிட்டது."

தமிழில் நாம் பழுது நீக்குதல் என்று சொல்வதைவிடப் பழுது பார்த்தல் என்று சொல்வதே மிகுதி. வேலை பார்த்தல், வைத்தியம் பார்த்தல், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுதல் என்று எத்தனையோ செயல்களுக்குப் பார்த்தலையே நம் மொழி சொல்லாக்கி வைத்திருக்கிறது. இத்தனை ஆண்டுகள் மொழி கற்பித்த நான், அச்சொல்லின் பொருளை ஓர் ஓட்டுவீட்டின் முற்றத்தில்தான் கற்றேன். அன்று நான் என் பெற்றோரிடம் கத்தியபோது, கூரையைப் பார்த்தேன்; அவர்களைப் பார்க்கவில்லை.

எனக்கும் ஓய்வுபெறும் காலம் நெருங்குகிறது. ஊரிலிருந்து திரும்பும் வழியில் நீளக் குறிப்பேடு ஒன்று வாங்கினேன். இரவில் அமர்ந்து ஐந்து கட்டங்கள் வரைந்தேன். முதல் வரியில் நாளை எழுதிவிட்டு, என் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்க்க எழுந்தேன்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள பழுது ஒன்றைத் தேர்ந்து, கட்டுரையில் வரும் ஐந்து கட்டங்களில் அதனைப் பதிவு செய்க.

2. உங்கள் பகுதிக் கொத்தனார், தச்சர், குழாய்ப் பணியாளர் ஆகியோருள் ஒருவரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களைத் தொகுக்க.

3. 'பார்' என்னும் வினை துணைநின்று உருவாகும் வழக்குகள் பத்தினைத் தொகுத்து, அவற்றின் பொருள் வேறுபாட்டை வகுப்பறையில் கலந்துரையாடுக.