தாயாரின் புடவைகளில் ஒரு போர்வை

பாகலூரின் மார்கழிக் குளிருக்கு ஒற்றைப் போர்வை போதாது. என் தாயார் வஃபாத்தான பின், வாரிசுகள் அனைவரின் சம்மதத்துடன், உடுத்தத் தக்க புடவைகளைத் தேவையுடையோருக்குக் கொடுத்துவிட்டோம். நைந்துபோன பருத்திப் புடவைகள் ஏழு எஞ்சின. அவற்றை ஒட்டுப்போர்வையாகத் தைத்தேன்.

எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தில் இதனைக் ‘கவுதி’ என்பர். உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் (அவர்களுள் முஸ்லிம்களும் உளர்) ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைக்கின்றனர். கைத்தையலுக்கு இம்முறையே உகந்தது என்பேன். ஓரம் முதலிலேயே உறுதிப்பட்டுவிடும். மூலைகளில் மடித்த முக்கோணத் துணிகளைப் பூவாக வைப்பார்கள். அவை இல்லாத போர்வை அவர்களுக்கு நிறைவுபெறாதது.

புடவையில் உட்காரும் பகுதிதான் முதலில் நையும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதனை உள்ளடுக்கில் இடுங்கள். முந்தானை மேலே வரட்டும். நைலக்ஸ் வேண்டாம், நழுவும். புதுத்துணி சேர்ப்பதாயின் முன்னரே துவைத்துவிடுங்கள். இல்லையேல் பின்னர் சுருங்கித் தையலை இழுக்கும். ஒரு முழ நூல் போதும். மெழுகில் ஒருமுறை இழுத்தால் சிக்காது.

நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். ஆகவே ஆண்பிள்ளைகளிடமும் ஊசியைக் கொடுங்கள். என் மகன் தைத்த வரிசை சற்றுக் கோணல்தான். பாட்டியின் பச்சை முந்தானை எந்த மூலையில் இருக்கிறது என்பது அவனுக்கு இருட்டிலும் தெரியும்.