மண்ணைக் கேட்காமல் போட்ட உரம்



செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் புல்தரையைப் பராமரிக்கும் என் பழைய மாணவன் ஆறு மாதம் முன்பு போன் செய்தான். "சார், புல்லு மஞ்சளாவே இருக்கு." நேரில் பார்க்காமலே, "யூரியா போடுப்பா" என்றேன். போட்டான். புல் மளமளவென வளர்ந்ததே தவிர, மஞ்சள் போகவில்லை. மறுபடி போட்டதில் அங்கங்கே கருகிப்போனது. அவன் வேலைக்கே ஆபத்து வந்துவிட்டது.

அதன் பிறகுதான் நேரில் போனேன். புதுத் தளிர்தான் மஞ்சள். நரம்புகள் பச்சைக் கோடாக இருந்தன. தழைச்சத்துக் குறை என்றால் அடி இலைதானே முதலில் மஞ்சளாகும்? அறிவியல் வாத்தியார் நான் இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டாமா?

பத்துப் பன்னிரண்டு இடங்களில் நான்கு அங்குல ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோ பரிசோதனைக்குக் கொடுத்தோம். கார அமில நிலை 8.4. இவ்வளவு காரமான மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எளிதில் எடுக்க முடியாது. சாம்பல் சத்தும் குறைவு. யூரியாவை நிறுத்தி, பொட்டாஷ் போட்டு, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து, பத்து நாள் இடைவெளியில் இருமுறை தெளித்தான். பச்சை திரும்பியது. அவன் வேலையும் தப்பியது.

பல கோல்ஃப் மைதானங்களில் பெரும் செலவில் வளர்ப்பதும், நாம் வயலில் களை என்று பிடுங்கும் அருகம்புல் இனம்தான். அங்கே மண்ணைச் சோதித்துத்தான் உரத்திட்டமே போடுகிறார்கள்.

மதிப்பெண் குறைந்த பிள்ளைகளிடம் காரணம் கேட்காமல், "இன்னும் பத்துத் தடவை எழுது" என்று நான் சொன்ன நாள்கள் நினைவுக்கு வருகின்றன. அதுவும் யூரியாதான். உங்களில் யாராவது அப்படி எழுதியிருந்தால், மன்னித்துவிடுங்கள்.