கறிக்கு மட்டுமா அவரை?

அவரைக்காய் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? தேங்காய்த் துருவல் தூவிய பொரியல். பொங்கலன்று மொச்சையோடும் பறங்கியோடும் கொதிக்கும் குழம்பு. அழகு என்று யாருக்காவது தோன்றுமா? தோன்றாது. நம் வீட்டுப் பெண்ணின் பாட்டை அடுத்த தெருக்காரர் புகழ்ந்த பிறகுதானே நாம் காது கொடுத்துக் கேட்கிறோம்!

அடுத்த தெருக்காரர் புகழ்ந்தாகிவிட்டது. அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெபர்ஸன் வாழ்ந்த மாளிகை, வர்ஜீனியாவில் மாண்டிசெல்லோ என்ற இடத்தில் இருக்கிறது. அங்குள்ள காய்கறித் தோட்டத்தில் பந்தல் போட்டு, ஊதா அவரைக் கொடியை அலங்காரமாக ஏற்றி வளர்க்கிறார்கள். 1804-லேயே பெர்னார்ட் மக்மஹன் என்ற விதை வியாபாரி அந்த நாட்டில் இந்த விதையை விற்றிருக்கிறார். எல்லாம் கண்ணுக்குத்தான், கறிக்கு அல்ல!

கண்ணுக்கு விருந்து என்பது பொய்யுமல்ல. ஊதா அவரையின் தண்டு ஊதா. இலை நரம்பிலும் அந்தச் சாயல். பூங்கொத்து இலைகளுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். காயோ எண்ணெய் தடவித் துடைத்ததுபோலப் பளபளவென்று கருஞ்சிவப்பு. ஒரே ஒரு வேடிக்கை: வாணலியில் போட்டதும் அந்த நிறமெல்லாம் ஓடிப்போய்ப் பச்சையாகிவிடும்!

வளர்ப்பது சிரமமா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. நல்ல வெயில் படும் இடமாகப் பார்த்து, ஒன்றரை அடிக் குழி எடுத்து, மட்கிய சாணி எருவை மண்ணோடு கலந்து நிரப்புங்கள். ஆடி மாதத்தில், இரவு ஊற வைத்த விதைகள் நாலைந்தை ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். முளைத்த பிறகு, திடமான இரண்டை மட்டும் விட்டுவிடுங்கள். எருவை அள்ளி அள்ளிக் கொட்ட வேண்டாம். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கின்றன. அதிகம் ஊட்டினால் இலைதான் மண்டும், பூ வராது. கொழுந்தில் கறுப்பு அசுவினி அப்பினால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். போகாவிட்டால் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளியுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் ஒரு பெரிய தொட்டியும் நாலு கயிறும் வைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் ஒன்று கட்டாயம் வேண்டும்: பொறுமை. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் தகப்பனார்.

அம்மா காலமான வருஷம் அது. மயிலாடுதுறை வீட்டில் அப்பா சாய்வு நாற்காலியிலேயே கிடந்தார். கேட்டதற்கு 'ஊம்', 'சரி' என்பதோடு சரி. எதிரே அடுத்த வீட்டின் மொட்டைச் சுவர். அதை மறைக்கலாம் என்று ஆடியில் இந்த விதையை ஊன்றினேன். ஆவணியில் ஒருநாள், "ஏண்டா, அந்தக் கொடி தவிக்கிறதே, இன்னொரு கயிறு கட்டக் கூடாதா?" என்றார். மறுநாள் அவரே எழுந்து போய்க் கட்டினார்.

ஐப்பசி வந்தது. சுவர் தெரியாமல் இலை மண்டியதே தவிரப் பூவைக் காணோம். "ஏங்க, மூணு மாசமாத் தண்ணி ஊத்தறோம், ஒரு பூ உண்டா? பிடுங்கிப் போட்டுட்டு ஒரு மல்லிகை வைங்க" என்றாள் என் மனைவி.

நாற்காலியிலிருந்து குரல் வந்தது: "அவசரப்படாதே அம்மா. பனி விழாம அவரை வாய் திறக்காதுன்னு உன் மாமியார் சொல்லுவா."

நாங்கள் இருவரும் பேசாமல் நின்றோம். அம்மா போன பிறகு அவளைப் பற்றி அவர் வாய் திறந்தது அன்றுதான். பிறகு நிறையப் பேசினார். மார்கழியில் கொடியும் பூத்தது.

அம்மா சொன்னதில் விஞ்ஞானமும் இருக்கிறது. பழைய கொடி அவரை, பகல் குறைந்து இரவு நீளும் காலத்தில்தான் பூக்கும் ஜாதி. மாசியில் விதைத்துவிட்டு வைகாசியில் பூவைத் தேடிப் பயனில்லை. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அர்க்கா ஜெய், அர்க்கா விஜய் போன்ற செடி அவரைகள் பகல் நீளத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அவை குட்டையாக நிற்பவை, பந்தல் ஏறாது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பிஞ்சுக் காயைத் தாராளமாகச் சமைத்துச் சாப்பிடலாம். முற்றிக் காய்ந்த விதையில் நஞ்சு உண்டு. ஊறவைத்து, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கறுப்பு விதையில் வெள்ளைக் கீற்றுப் போட்டு அழகாக இருப்பதால், குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காயையெல்லாம் பறித்துவிடாமல், கொடியிலேயே நாலைந்தை முற்றிக் காய விடுங்கள். அடுத்த ஆடிக்கு உங்களுக்கு விதை ஆயிற்று. பக்கத்து வீட்டுக்கும் இரண்டு கொடுக்கலாம். பூக்கவில்லையே என்று அவர்கள் ஐப்பசியில் அலுத்துக்கொண்டால், என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே!