பூனை காட்டிய குறை

எம் இல்லத்தில் பூனை ஒன்று உண்டு. மாதுங்காவில் எலிக்குப் பஞ்சமில்லை. ஆதலால் அதற்கு வேலைக்கும் பஞ்சமில்லை. இரவில் பிடித்ததை விடியுமுன் சமையலறை வாயிலில் கிடத்திவிட்டு, நமது மெச்சுதலை எதிர்பார்த்து அமர்ந்திருக்கும்.

நாமோ பகலெல்லாம் கண் மருத்துவகத்தில் பிறர் விழிகளைச் சோதிப்பவர். பூனையின் விழித்திரைக்குப் பின்னுள்ள படலம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் மங்கலிலும் அதற்குக் கண் தெரிகிறது. ஆயினும் மூக்கருகே ஒரு சாண் தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாது. அங்கே மீசையே துணை. இதைச் சொல்லி வீட்டில் நகைத்ததும் உண்டு.

சென்ற மாதம் ஒரு காலை, அன்னையார் அந்த எலியையே மிதித்துவிட்டார். "எதிரே இருப்பது தெரிகிறதப்பா; காலடியில்தான் சில நாளாக ஒன்றும் தெரிவதில்லை. உனக்கிருக்கும் வேலையில் எதற்குச் சொல்வதென்று இருந்தேன்" என்றார்.

அன்றே அழைத்துச் சென்று சோதித்தோம். கிளாக்கோமா! பெரும்பாலும் கண்ணின் உள்ளழுத்தம் மிகுந்து பார்வை நரம்பைச் சிதைக்கும் நோய் இது. வலியின்றி வந்து ஓரப் பார்வையை முதலில் கவர்ந்துகொள்ளும். இழந்தது மீளாது, எஞ்சியதைச் சொட்டு மருந்தால் காக்கலாம்.

அயலாரிடம் நாள்தோறும் கேட்கும் கேள்விகளை அன்னையிடம் ஒரு நாளேனும் கேட்டோமில்லை. அருகிலிருப்பதைக் காணாதது பூனை மட்டுமன்று.

அன்பர்களே, 40 வயதைக் கடந்தவர்கள் கண்ணழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதித்துக்கொள்ளுங்கள். இந்நோய் குடும்பத்தில் தொடரக்கூடியது. ஆதலால் நாமும் சோதனை நாற்காலியில் அமர்ந்து எழுந்தோம்.

இப்போது விடியுமுன் எழுகிறோம். முதலில் எலியை அகற்றுகிறோம்; பின்னர் அன்னையாரின் கண்ணில் மருந்திடுகிறோம்.