எடைக்கல்லும் உடல் வலிமையும்

உடலும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த ஓர் அமானிதமே. வலிமையுள்ள இறைநம்பிக்கையாளரைச் சிறப்பித்துப் பெருமானார் (ஸல்) அவர்கள் மொழிந்ததை, மதரஸாவில் ஓதிய எவரும் மறந்திருக்க மாட்டார். ஆயினும் நமது பள்ளிவாசல்களில் தொழுகை வரிசையின் ஓரங்களில் நாற்காலிகள் பெருகிவரக் காண்கிறோம். முதியோருக்கும் பிணியாளருக்கும் மார்க்கம் வழங்கிய சலுகை அது. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஐம்பதைக் கடந்த உடனேயே சுஜூதிலிருந்து எழத் தொடையில் வலுவில்லை எனும் நிலை வருமாயின், பழியை முதுமையின் மீது மட்டும் சுமத்தலாகுமா? பயன்படுத்தாத தசை தேய்கிறது என்பது மருத்துவம் கூறும் உண்மை. வயதுவந்தோர் வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நடைப்பயிற்சி ஒன்றே போதும் என்றிருப்போர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

நம் முன்னோர் வலிமையைக் கல்லாலும் கட்டையாலும் அளந்தவர்கள். பாண்டி நாட்டுச் சிற்றூர்களில் இளவட்டக்கல்லைத் தோளுக்குத் தூக்கியவனே ஆண்மகன் எனப்பட்டான். சிலம்பக் கூடங்களில் கர்லாக்கட்டை சுழன்றது. இந்நாட்டுக் கட்டையைக் கண்ட ஆங்கிலேயர் அதனைத் தம் நாட்டிற்கும் கொண்டு சென்றனர்; 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளில் கட்டை சுழற்றுதலும் இடம்பெற்றது. பாரசீகத்தின் ‘ஜூர்கானா’ எனும் பயிற்சிக் கூடங்களில் இதன் உறவான ‘மீல்’ இன்றும் சுழல்கிறது. 2010-இல் யுனெஸ்கோ அக்கலையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இன்று நம் இளைஞர் கேட்டு வாங்கும் ‘கெட்டில்பெல்’லும் ஓர் எடைக்கல்லே. ரஷ்ய நாட்டில் இதன் பெயர் ‘கிர்யா’. சந்தையில் தானியம் நிறுக்கப் பயன்பட்ட, கைப்பிடி கொண்ட இரும்புக் குண்டு அது. ‘பூட்’ என்பது அந்நாட்டின் பழைய அளவை, ஏறத்தாழ 16.4 கிலோ. இன்றும் 16, 24, 32 கிலோக் குண்டுகள் ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட் என்ற கணக்கையே சுமந்து நிற்கின்றன. நெல் நிறுத்து வாழும் நம் காவிரிப் படுகையாருக்கு எடைக்கல் அந்நியப் பொருளன்று. நிறுக்க வைத்த கல்லைத் தூக்கி விளையாடும் எண்ணம் அவர்களுக்கு முந்தியது, அவ்வளவே.

நமது இல்லத்தில் கல்லூரி மாணவனான மகன், மருமகள், அறுபதைத் தாண்டிய லாத்தா, நாம் என நால்வருக்கும் நான்கு வகையான வலிமை. பெண்மக்கள் வெளியிலுள்ள உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்வது நாகப்பட்டினத்தில் இன்னும் அரிது. நால்வருக்கும் தனித்தனிக் குண்டுகள் வாங்கவோ கையிருப்பு இடந்தராது. ஆகவே எடையைக் கூட்டிக் குறைக்கும் கெட்டில்பெல் ஒன்றே தக்கதெனத் தெளிந்தோம்.

இதனை வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது உச்ச எடையை அன்று, குறைந்த எடையை. போட்டி வடிவில் செய்த சிலவற்றில் வெற்றுக் கூடே 12 கிலோ இருக்கும். இளைஞனுக்கு அது பொருந்தும், லாத்தாவுக்குப் பொருந்தாது. நான்கு அல்லது ஐந்து கிலோவில் தொடங்கி, இரண்டிரண்டு கிலோவாக ஏறுவதே குடும்பத்திற்கு நலம். அடுத்தது பூட்டு. திருகாணியால் தகடுகளை இறுக்கும் வகையில் எடை மாற்றச் சற்று நேரமாகும். ஆனால் உறுதி மிகுதி. குமிழைத் திருப்பி மாற்றும் வகை விரைவானது. எனினும் அதன் உள்ளுறுப்புகள் நுண்ணியவை, தரையில் போடக் கூடாது. எவ்வகையாயினும் வீசும்போது தகடுகள் கடகடவென ஆடலாகாது. ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் பூட்டை ஒருமுறை அசைத்துப் பார்த்தல் கடமை.

கைப்பிடி 33 முதல் 35 மில்லிமீட்டர் தடிமனும் வழவழப்பும் கொண்டிருத்தல் நன்று. அதில் பிசிறிருந்தால் உள்ளங்கை கிழியும். நமது ஊரின் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். பயிற்சிக்குப்பின் வியர்வையைத் துடைத்து உலர்வான இடத்தில் வைக்க வேண்டும். பொறித்த எடை மெய்தானா என்பதை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிடலாம். நிறுவையில் குறைப்போரை எச்சரித்து ஓர் அத்தியாயமே அருளப்பெற்ற சமுதாயத்தார் நாம்!

தொடக்கத்தில் வீச்சு வேண்டாம். குண்டை நெஞ்சோடு அணைத்து, நாற்காலியில் அமர்ந்து எழுவதே லாத்தாவுக்கு நாம் வகுத்த முதற்பாடம். மூச்சை அடக்கலாகாது. இரத்த அழுத்தம், குடலிறக்கம் உடையோரும், நீரிழிவால் கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டோரும் மருத்துவரைக் கேளாமல் எடையைத் தொடுதல் தகாது. வீசிப் பழகுவோர் முன் சிறு பிள்ளைகள் நடமாடக் கூடாது.

இளவட்டக்கல் மனிதனை ஒரே கேள்வி கேட்கிறது: உன்னால் முடியுமா, முடியாதா? முடியாதவன் தலைகுனிந்து திரும்புகிறான். எடை கூட்டும் குண்டோ, நேற்றைவிட இன்று சற்று முடியுமா என்று கேட்கிறது. அரபியில் இதனைத் ‘தத்ரீஜ்’ என்பர். படிப்படியாக ஏறுதல் என்பது பொருள். திருமறையை மனனம் செய்யும் சிறுவனுக்கு ஒரே நாளில் ஒரு ஜுஸ்வு கொடுக்கும் ஆசிரியர் உண்டோ? சில வரிகளே அன்றைய சபக். அவை நிலைபெற்ற பின்னரே மறுபாடம். ஆண்டுகள் செல்ல, முப்பது ஜுஸ்வும் அச்சிறு நெஞ்சில் குடியேறுகின்றன. தசைக்கும் அதுவே முறை.

ஆகவே, பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டின் ஒரு மூலையில் இக்குண்டுக்கு இடமளியுங்கள். பிள்ளைகள் தூக்கட்டும் என்று ஒதுங்காது, வாரத்தில் இரு நாட்கள் நீங்களும் கைவையுங்கள். பிறர் கைத்தாங்கலின்றித் தரையிலிருந்து எழும் வலு, முதுமையிலும் நமக்கு நிலைப்பதாக!