செவ்வாய்க்காரர்கள் இறங்கிய ஊரில்

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் குரோவர்ஸ் மில் என்று ஒரு சிற்றூர். செவ்வாய்க் கிரகத்துக்காரர்கள் பூமியில் வந்து இறங்கியதாக வானொலி சொன்ன இடம் இது. 1938 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு சிபிஎஸ் வானொலியில் ஒலிபரப்பான நாடகம் அது. நடத்தியவர் ஆர்சன் வெல்ஸ், அப்போது வயது 23. அதைக் கேட்டு நாடே நிஜமென்று நம்பித் தெருவுக்கு ஓடிவந்தது என்று பள்ளி நாட்களிலிருந்தே படித்திருக்கிறேன். அந்த இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாகவே உண்டு.

நியூயார்க்கின் பென் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் பிரின்ஸ்டன் ஜங்ஷன். நான் போனபோது ஒருவழிச் சீட்டு இருபது டாலருக்குள்தான் இருந்தது. நிலையத்துக்கு வெளியே அக்கா காரோடு நின்றிருந்தாள். பின்சீட்டில் அவள் மகள். காரில் ‘சிக்ஸ் மினிட்ஸ்’ ஓடிக்கொண்டிருந்தது. அலாஸ்காவின் பனிக்கடலிலிருந்து மீட்கப்பட்ட சிறுமிக்குத் தான் யார் என்பதே நினைவில்லை. அங்கிருந்து கிளம்பும் கதை. 2018இல் தொடங்கிய ஒலித்தொடர் இது. வீட்டில் பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்தே கேட்கிறார்களாம். “இந்த எபிசோட் முடியட்டும் மாமா, அப்புறம் பேசலாம்” என்றாள். காத்திருந்தேன்.

நேரே குரோவர்ஸ் மில்லுக்குப் போகாமல் முதலில் பிரின்ஸ்டனுக்கு விடச் சொன்னேன். நாடகத்தில் செய்தியாளரும் வானியல் பேராசிரியர் பியர்சனும் பிரின்ஸ்டனிலிருந்து பதினொரு மைலைப் பத்தே நிமிடத்தில் கடந்து வந்ததாகச் சொல்வார்கள். பல்கலைக்கழகத்தை ஒட்டிய வாஷிங்டன் ரோட்டில் கிளம்பி மைல்மானியைப் பார்த்துக்கொண்டே வந்தோம். ரயில் பாதையைத் தாண்டி கிரான்பரி ரோட்டில் திரும்பி ஊரை அடைந்தபோது ஏறக்குறைய ஐந்து மைல்தான் ஆகியிருந்தது. நாடகத்தை எழுதிய ஹோவர்ட் கோக் ஒரு வரைபடத்தை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை வைத்தாராம். அது விழுந்த இடம் குரோவர்ஸ் மில். தூரத்தை யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்று தெரிகிறது.

ஊரில் உள்ள வான் நெஸ்ட் பூங்கா சின்னது. நுழைவுக் கட்டணம் கிடையாது. புல் ஈரமாக இருந்தது. ஒரு பக்கம் குளம். அதன் கரையில் இரண்டு பையன்கள் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். இந்த வட்டாரத்தில் இந்தியக் குடும்பங்கள் ஏராளம். குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன ஒரு தம்பதி எங்களைத் தாண்டும்போது தமிழில் பேசிக்கொண்டு போனார்கள். நாங்கள் தேடிவந்த நினைவுச்சின்னம் வெண்கலத்தில் செய்த புடைப்புச் சிற்பம். ஒலிபரப்பின் ஐம்பதாம் ஆண்டான 1988இல் நிறுவியது. மேலே செவ்வாய்க்காரர்களின் இயந்திரம். கீழே ஒலிவாங்கிக்கு முன்னால் வெல்ஸ். அவருக்கு அருகே வானொலிப் பெட்டியைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பம்.

கீழே பொறித்த வாசகத்தை மருமகள் உரக்கப் படித்தாள். பத்து லட்சம் பேர் வரை சிறிது நேரம் நிஜமாகவே நம்பினார்கள் என்கிறது அது. இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? பக்கத்துப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஹாட்லி கான்ட்ரில் 1940இல் வெளியிட்ட ஆய்விலிருந்து. அவர் குழு விரிவாகப் பேட்டி எடுத்தது 135 பேரை. அவர்களில் பெரும்பாலோர் பயந்தவர்கள் என்று தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அதே இரவில் சி. இ. ஹூப்பர் நிறுவனம் ஐயாயிரம் வீடுகளைத் தொலைபேசியில் அழைத்து என்ன கேட்கிறீர்கள் என்று விசாரித்தது. வெல்ஸின் நாடகத்தைச் சொன்னவர்கள் இரண்டு சதவீதம்தான். அந்த நேரத்தில் என்பிசியில் எட்கர் பெர்கனின் நகைச்சுவை நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது. கூட்டம் அங்கே இருந்தது. காவல் நிலையங்களுக்கும் பத்திரிகை அலுவலகங்களுக்கும் பதறிப்போய் அழைத்தவர்கள் உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் நாடே ஓடியது என்பது மறுநாள் பத்திரிகைகள் கட்டிய கதை.

சாலையை ஒட்டி ஒரு தனியார் வீட்டு வளாகத்தில் பழைய தண்ணீர்த் தொட்டி உயரமான கால்களில் நிற்கிறது. அதைச் செவ்வாய்க்காரர்களின் இயந்திரம் என்று நினைத்து ஊர்க்காரர்கள் துப்பாக்கியால் சுட்டார்கள் என்பது இங்கே பிரபலமான கதை. வேலிக்கு வெளியே நின்று, கிளைகளுக்கு நடுவே தெரிந்த அளவுக்கு நெடுநேரம் பார்த்தேன். மருமகளும் பார்த்தாள். தொட்டி இருக்கிறது. குண்டு துளைத்த ஓட்டை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. துப்பாக்கியோடு நிற்கும் வில்லியம் டாக் என்ற 76 வயது விவசாயியின் படம் உலகப் புகழ் பெற்றது. அதுவும் ஒலிபரப்பு முடிந்தபின் புகைப்படக்காரருக்காக நின்று எடுத்துக்கொண்ட படம்.

பிறகு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, ஆளுக்கொரு காதுக்கருவி மாட்டிக்கொண்டு 1938இன் பதிவைக் கேட்டோம். ஆரம்பத்திலேயே இது நாடகம் என்ற அறிவிப்பு வருகிறது. இடைவேளையிலும் வருகிறது, கடைசியிலும் வருகிறது. நடன இசையை நிறுத்தி நிறுத்திச் செய்தி சொல்கிறார்கள். கால் மணி நேரத்துக்கு மேல் போனதும், களத்திலிருந்து பேசும் செய்தியாளரின் குரல் பாதியில் அறுந்துபோகிறது. அதன்பின் சில விநாடிகள் எந்தச் சத்தமும் இல்லை. “மைக் கட்டாயிடுச்சா மாமா?” என்று கருவியைத் தட்டினாள். அந்தச் செய்தியாளராக நடித்த ஃபிராங்க் ரெடிக், 1937இல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்ததை ஹெர்பர்ட் மோரிசன் பதறிப் பதறி வர்ணித்த பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பயிற்சி எடுத்தவர். அந்த உழைப்பு குரலில் தெரிகிறது.

இரண்டாம் பாதி என்னை இன்னும் அதிகமாகப் பிடித்துக்கொண்டது. ஊர்கள் அழிந்தபின் பேராசிரியர் பியர்சன் தனியாக நடக்கிறார். மனைவி, மாணவர்கள், வான்காணகம் எல்லாம் உண்மையில் இருந்தனவா என்று தன் நினைவையே சந்தேகிக்கிறார். வேற்றுக்கிரகவாசிகளையும் தொலைந்த நினைவையும் ஒரே கதைக்குள் வைத்து, காதை மட்டும் நம்பி எண்பது ஆண்டுகளுக்கும் முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள். கோக் எழுதிய அந்தப் பிரதி 1988இல் ஏலத்தில் 1,43,000 டாலருக்குப் போனது. ஒலிப்பதிவு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் முதல் தொகுதியிலேயே இடம்பெற்றது.

குரோவர்ஸ் மில் பீதியின் பெயரால் நினைக்கப்படுகிறது. நான் பார்த்தவரை பீதிக்குச் சாட்சி இங்கே மிகக் குறைவு. அந்த ஒலியின் வலிமைக்குச் சாட்சி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. குழந்தைகளோடு அந்தப் பக்கம் போகிறவர்கள் பதிவைக் கையோடு கொண்டுபோங்கள். முதலில் குளக்கரையில் உட்கார்ந்து முழு ஒரு மணி நேரமும் கேட்கட்டும். வெண்கல வாசகத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.