தலைக்கு மேல் ஒரு குட்டிக் கோடு

காமர்ஸ் படிப்பவர்களுக்கு அபாஸ்ட்ரபி ஒரு தீராத தலைவலி. 'பார்ட்னர்ஸ் லோன்' என்று வகுப்பில் சொல்லும்போது, கடன் கொடுத்தவர் ஒருவரா, பலரா? காதுக்குத் தெரியாது. எழுத்தில் 'எஸ்'-க்கு முன்னால் அந்தக் குட்டிக் கோடு வந்தால் ஒருவர், பின்னால் வந்தால் பலர். கோடே இல்லையென்றால் வெறும் பன்மை. மூன்றுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான்!

தமிழில் இந்தத் தொல்லை இல்லை பாருங்கள். பங்குதாரரின் கடன், பங்குதாரர்களின் கடன். பன்மைக்குக் 'கள்', உடைமைக்கு 'இன்'. ஆங்கிலத்தில் இரண்டு வேலையையும் ஒரே 'எஸ்' பார்க்கிறது. குழப்பம் வராமல் என்ன செய்யும்?

அதனால் முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'இன்' வந்தால் கோடு உண்டு. வெறும் 'கள்' என்றால் வேண்டாம். பேலன்ஸ் ஷீட்டில் 'ஷேர்ஹோல்டர்ஸ் ஃபண்ட்ஸ்' என்று வருமே? பங்குதாரர்களின் நிதிகள். முதல் 'எஸ்'-க்குப் பின்னால் கோடு, இரண்டாவதற்குக் கிடையாது. 'இட்ஸ்' மட்டும் தலைகீழ்: 'அதன்' என்ற பொருளில் கோடு வராது, 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' என்று விரிந்தால்தான் வரும்.

ஆங்கிலேயர்களுக்கும் இதே பாடுதான். 2001-ல் ஜான் ரிச்சர்ட்ஸ் என்பவர் அபாஸ்ட்ரபியைக் காப்பாற்ற இங்கிலாந்தில் ஒரு சங்கமே தொடங்கினார். 2012-ல் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக்கடை தன் பெயரிலிருந்து அதைத் தூக்கிவிட்டது. கடைப் பெயரில் தூக்கலாம். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதும் லெட்ஜரில் தூக்க முடியுமா, சொல்லுங்கள்?